கட்டைவிரலுக்கு 30 சதவீதம்

துரோணர் ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார். பட்டறை முதலாளி கேட்பதுகூட இல்லை.

திருச்சியில் மரப்பெட்டி அடிக்கிற இடங்களிலும் சோபா பட்டறைகளிலும் இன்று சுத்தியல் குறைந்து கம்ப்ரசரும் நெயில் கன்னும் வந்துவிட்டன. ஆணி கையில் ஏறினால் உடனே தீர்ப்பு: "பாத்து அடிச்சிருக்கணும்." இது பொய், தோழர்களே. நெயில் கன்னில் இரண்டு வகை விசை உண்டு. ஒன்றில் முதலில் முனையை மரத்தில் அழுத்த வேண்டும், அதன் பிறகு விசையை இழுக்க வேண்டும். ஒவ்வொரு ஆணிக்கும் இப்படித்தான். மற்றதில் விசையைப் பிடித்தபடியே இருக்கலாம். முனை பட்டால் போதும், மரமோ தொடையோ, ஆணி பாயும். இரண்டாவதில் வேலை வேகம். காயமடையும் வாய்ப்பும் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அமெரிக்க அரசின் பணிப் பாதுகாப்பு அமைப்புகள் 2011-லேயே எச்சரித்துவிட்டன. எந்த விசை வேண்டும் என்று முடிவு செய்வது யார்? பீஸ் ரேட்டுக்கு அடிப்பவரா, மெஷின் வாங்கியவரா?

1923 இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை விரல்களுக்கு விலை போட்டிருந்தது. கட்டைவிரல் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் 14, சுண்டுவிரல் 7. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 25 வயதுக்காரர் கட்டைவிரலை இழந்தால், சட்டக் கணக்கில் சுமார் 5.85 லட்சம் வரும். வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாதவருக்கு? கட்டுப் போட்ட செலவும், பஸ் காசும்.

பத்துப் பேரும் மின்சக்தியும் இருந்தால் தொழிற்சாலை என்றது 1948 சட்டம். 2020 தொகுப்பு அதை இருபதாக்கியது. அரியமங்கலம், துவாக்குடி சிட்கோ பேட்டைகளில் பதினைந்து பேர் வேலை செய்யும் ஷெட் இனி தொழிற்சாலையே இல்லை!

ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். "சைவமா?" என்று சுற்றி வளைத்தாவது சாதியைத் தெரிந்துகொள்வார்கள். விபத்துப் படிவத்தில் மட்டும் அந்தக் கேள்வி கிடையாது. எந்தச் சாதியின் விரல்கள் போகின்றன என்று எண்ணிவிட்டால், கையால் உழைப்பதை இழிவாக்கி வைத்த சமூகம் அந்தக் கையையும் மலிவாக்கி வைத்திருப்பது அம்பலமாகிவிடுமே. ஆயுத பூஜைக்குக் கம்ப்ரசருக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. அதை இயக்கும் பையனுக்குப் பொரி பொட்டலம், கண்ணாடி கிடையாது, கையுறை கிடையாது.

உங்கள் தெருவிலும் ஒரு பட்டறை இருக்கும். உள்ளே போய்க் கேளுங்கள்: கன்னில் எந்த விசை? எத்தனை பேருக்கு ஈஎஸ்ஐ எண் இருக்கிறது? போன வருடம் கை கிழிந்தவர் எங்கே?