மாயாவி நல்லவனா, கெட்டவனா?

போன பதிவில் சாமைப் பொங்கல் பற்றி எழுதியதற்கு நிறைய பேர் அழைத்துப் பேசினீர்கள். இந்த முறை சமையலை விட்டுவிட்டு சித்திரக் கதைக்கு வருகிறேன். இந்த வயதில் காமிக்ஸா என்று சிரிக்காதீர்கள். இதில் என்னுடைய ஒரு பழைய கணக்கும் இருக்கிறது.

பொங்கல் விடுமுறைக்கு வேலூரிலிருந்து பேரன் வந்திருந்தான். எட்டாம் வகுப்பு. வாயைத் திறந்தால் ஸ்பைடர்மேன்தான். "தாத்தா, மூணு ஸ்பைடர்மேன் இருக்காங்க. இதுல யாரு நிஜம்?" "அறுபது வருஷமா வர்றார், ஏன் இன்னும் கிழவனாகலை?" பதில் தெரியாமல் விழித்தேன். இவள்தான் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "விக்கிரமாதித்தனுக்கு எப்படி ரெண்டாயிரம் வருஷம் வந்துச்சுன்னு சொல்லுங்க."

சரியாகத்தான் சொன்னாள். விக்கிரமாதித்தனுக்குக் கிடைத்த வரம் ஆயிரம் ஆண்டு அரியணையில் இருக்க. தம்பி பட்டி வாங்கி வந்ததோ இரண்டாயிரம் ஆண்டு ஆயுள். கணக்கு இடிக்கிறதே என்று யாரோ ஒருவர் கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் நாடாறு மாதம், காடாறு மாதம். கணக்கு சரியாகிவிட்டது! கதை கேட்பவன் கேள்வி கேட்பதும், கதை சொல்பவன் அதற்கு ஒரு வழி கண்டுபிடிப்பதும் நமக்குப் புதிதல்ல.

அமெரிக்காவில் லீ ஃபாக் என்பவர் 1936-ல் உருவாக்கிய வேதாளரும் இதே மாதிரிதான். 1536-ல் கடற்கொள்ளையரால் தந்தையை இழந்த ஒருவன் மண்டையோட்டின் மீது சத்தியம் செய்கிறான். அவன் மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாக அதே முகமூடி. நாம் படித்தவர் 21-வது ஆள். காட்டு மக்களுக்கு அவர் சாவே இல்லாதவர். வாசகனுக்கு மட்டும் ரகசியம் தெரியும்.

நம் வயதுக்காரர்களுக்கு இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. முத்து காமிக்ஸில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. பின்னாளில் ராணி காமிக்ஸில் முகமூடியோடு வந்தவரும் மாயாவி! எங்கள் பழைய தபால்காரர் இன்றைக்கும் இரண்டு பேரும் ஒருவர்தான் என்று சாதிப்பார். இல்லை. முன்னவர் இங்கிலாந்துக்காரர், 1962-ல் வேலியண்ட் என்ற வார இதழில் பிறந்தவர். பின்னவர் நம் வேதாளரேதான். பதிப்பகம் மாறியபோது பெயரும் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ஊர்ப் பெயரும் மாறியிருக்கிறது. 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸில் வேதாளரின் நாடு டெங்காலி. மூலத்தில் அது பெங்காலி! நம் நாட்டில் அப்படியே போட்டால் வங்காளம் என்று எண்ணிவிடுவார்கள் என்று ஒரு எழுத்தை மாற்றினார்கள். கொள்ளையர் கூட்டத்தின் பெயரும் 'சிங்' என்பதிலிருந்து 'சிங்கா' ஆனது. காரணம் சொல்லாமலே விளங்கும். அதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் மாற்றியிருக்கிறோம் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

இனி என் கணக்குக்கு வருகிறேன்.

1980-களில் இந்த மலைக்கு ஆசிரியராக வந்தேன். இங்கே உள்ள ஓர் உறைவிடப் பள்ளியில் வேலை. மாலை ஆறு மணிக்கு மேல் பையன்களுக்குப் பொழுது போகாது. மின்சாரம் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. மாதம் ஒருமுறை போளூர் இறங்கும்போது பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த காமிக்ஸ்களை வாங்கி வருவேன். முத்து, லயன், ராணி, எது கிடைத்தாலும் சரி. அட்டை இருக்காது, கடைசிப் பக்கம் இருக்காது. பையன்கள் ஒரு புத்தகத்தை நாலு பேராக, தலையோடு தலை முட்டிக்கொண்டு படிப்பார்கள். பாடப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறியவன்கூட மாயாவி என்றால் சரளமாகப் படித்தான். அது என் பெருமை.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். அதிகம் பேசமாட்டான். ஒருநாள் இரண்டு புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சார், இதுல மாயாவி திருடுறாரு, ஊரையே மிரட்டுறாரு. இதுல போலீஸ் பக்கம் நிக்கிறாரு. மாயாவி நல்லவரா, கெட்டவரா?"

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குக் கணக்குத் தேர்வில் அவன் வாங்கிய மதிப்பெண்ணும் கையில் இருந்தது. "கணக்குல இந்தக் கேள்வியெல்லாம் வராதா?" என்று கேட்டு, பிரம்பால் உள்ளங்கையில் ஒன்று போட்டேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. காமிக்ஸையும் தொடவில்லை.

அந்தச் சமயம் அவன் அப்பா மரம் வெட்டிய வழக்கில் சிறையில் இருந்தார் என்பது எனக்கு நாலு மாதம் கழித்துத்தான் தெரியும்.

இப்போது பதில் எனக்குத் தெரியும். மாயாவியின் நிஜப் பெயர் லூயி கிராண்டேல். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவான், கை மட்டும் தெரியும். அந்தச் சக்தி தலைக்கேறி முதல் கதையில் கெட்ட வழியில்தான் போகிறான். பிறகு திருந்தி, ரகசிய உளவாளியாகி, நல்லவர்கள் பக்கம் நிற்கிறான். பையன் கவனித்தது நூற்றுக்கு நூறு சரி. கதையை நாங்கள் பழைய பேப்பர் கடை வரிசையில் படித்தோம், அதுதான் சிக்கல்.

பேரன் சொல்லித்தான் இன்னொன்று தெரிந்துகொண்டேன். 1960-களில் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனத்துக்கு வாசகர்கள் இப்படித்தான் தப்புக் கண்டுபிடித்து எழுதுவார்களாம். ஆசிரியர் ஸ்டான் லீ அவர்களுக்கு ஒரு பரிசு அனுப்புவார். உறையைப் பிரித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது! 'பரிசில்லாப் பரிசு' என்று உறை மேலேயே அச்சடித்திருக்கும். அந்த வெறும் உறையைப் பலர் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். கேள்வி கேட்டவனுக்கு அங்கே வெறும் உறை. இங்கே நான் கொடுத்தது பிரம்படி.

சரி, வாத்தியார் தப்பு வாத்தியாரோடு போகட்டும். பதிப்பகத்தாரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸும், 1984-ல் லயன் காமிக்ஸும் வராமல் இருந்திருந்தால் நம் தலைமுறையில் பலர் வாசிப்புக்கே வந்திருக்க மாட்டோம். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் மாயாவியை வரைந்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியர் என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் அறிந்தேன். நம் பதிப்பகத்தாரை மட்டும் குற்றம் சொல்லமுடியாது. அந்த இங்கிலாந்து வார இதழ்களே எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடவில்லை.

இதில் மனதைத் தைத்தது ஸ்பைடரின் கதை. மார்வெல் ஸ்பைடர்மேன் அல்ல. லயனில் வந்த, கூரான காதும் வலைத் துப்பாக்கியும் கொண்ட நம் ஸ்பைடர். அவனும் குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கி நல்லவனானவன்தான். அவன் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல். அதாவது 1938-ல் வெளிவந்த சூப்பர்மேனை நண்பர் ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து படைத்தவர்! சூப்பர்மேன் உரிமையை இருவரும் 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். அதற்காகப் பல வருடம் போராடினார்கள். 1975-ல்தான் ஓய்வூதியமும், படைத்தவர்கள் என்ற பெயரும் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த மனிதர் இங்கிலாந்துக்குப் பெயரில்லாமல் எழுதிய கதைகளைத்தான் ஜமுனாமரத்தூரில் எங்கள் பையன்கள் அரிக்கேன் வெளிச்சத்தில் படித்தார்கள். யார் எழுதியது என்று எங்களுக்கும் தெரியாது, யார் படிக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது.

நம் பக்கத்து ஆட்கள் இந்த விஷயத்தில் எவ்வளவு ஒழுங்கு பாருங்கள். செங்கம் சுற்றுவட்டாரத்தில் நாம் வேடியப்பன் என்று கும்பிடுகிற நடுகற்களில் எழுத்து இருக்கும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் யாருடைய ஆள், எந்தச் சண்டையில் பட்டான், எல்லாம் இருக்கும். எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவனோடு நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த நாயின் உருவமும் உண்டு. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றுகூடப் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை, நம் காலத்து ஓவியருக்குக் கிடைக்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மறுபதிப்பு போடும்போது முதல் பக்கத்தில் நாலு வரி வேண்டும். மூலப் பெயர் என்ன, எழுதியவர் யார், வரைந்தவர் யார், முதலில் வந்த ஆண்டு எது, வரிசையில் இது எத்தனையாவது கதை. இப்போது ஓரளவு நிலைமை மாறியிருக்கிறது, முழுக்க மாறட்டும். "பொழுதுபோக்குப் புத்தகத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று தபால்காரர் கேட்பார். பொழுதுபோக்குதான். ஆனால் அதைப் படிக்கிற பிள்ளை தன் வீட்டுக் கவலையையும் அதற்குள்தான் தேடுகிறது. அந்த நாலு வரி அன்றைக்கு இருந்திருந்தால் என்னைப் போன்ற அரைகுறை வாத்தியாரிடம் அவன் வந்திருக்கவே வேண்டாம்.

அவனைப் போன மாதம் ஜமுனாமரத்தூர் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தான். டீ வாங்கிக் கொடுத்து, அன்றைக்கு அடித்ததைச் சொன்னேன். "அடிச்சது ஞாபகமில்ல சார். கேட்டது ஞாபகமிருக்கு" என்றான்.

"மாயாவி முதல்ல கெட்டவன். பிறகு நல்லவனாயிட்டான். நாமதான் புத்தகத்தை முன்னே பின்னே படிச்சிட்டோம்" என்றேன்.

கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "இது அப்பவே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும் சார்" என்றான். போளூர் பேருந்து கிளம்பிவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் இப்படி ஏதாவது கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். சேர்ந்து தேடலாம் என்று சொல்லுங்கள். உங்கள் பரணில் பழைய முத்து காமிக்ஸ் இருந்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள். படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.