பிளேலிஸ்ட்டுக்காக ரெண்டு சந்தா கட்டாதீங்க!

யூடியூப் பிரீமியம் எடுத்தாலே யூடியூப் மியூசிக்கும் விளம்பரம் இல்லாம கூடவே வந்துடும். ஆனாலும் பிரீமியம் கட்டிக்கிட்டே இன்னொரு மியூசிக் ஆப்புக்கும் மாசாமாசம் பணம் கட்டுறவங்க இருக்காங்க. ஏன்னு கேட்டா ஒரே பதில்: "என் பிளேலிஸ்ட் எல்லாம் அதுலதானே இருக்கு!"

கணக்கு போட்டுப் பார்ப்போம். ரெண்டாவது ஆப்புக்கு மாசம் 119 ரூபாய்னு வெச்சுக்கோங்க. வருஷத்துக்கு 1,428 ரூபாய். அஞ்சு வருஷத்துல 7,140 ரூபாய். இது பாட்டுக்கான விலை இல்ல, பாட்டோட பேர் இருக்கிற ஒரு பட்டியலுக்கான விலை.

ஆமாங்க, பிளேலிஸ்ட்ங்கறது வெறும் பட்டியல்தான். சவுண்டீஸ், டியூன் மை மியூசிக் மாதிரி கருவிகள் அந்தப் பட்டியலைப் படிச்சு, புது ஆப்புல ஒவ்வொரு பாட்டையா தேடி, கிடைச்சதை வரிசையா அடுக்கிக் கொடுக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கை வரைக்கும் இலவசம். பெரிய லிஸ்ட்னா ஒரு மாசம் மட்டும் பணம் கட்டுங்க, வேலை முடிஞ்சதும் நிறுத்திடுங்க.

நம்ம சினிமா பாட்டுல ஒரு சிக்கல் உண்டு. ஒரே பாட்டு ஒரிஜினல் ஆல்பத்துலயும் இருக்கும், 'ஹிட்ஸ்' தொகுப்புலயும் இருக்கும். ஒரு ஆப்புல இசையமைப்பாளர் பேர் முதல்ல வரும், இன்னொண்ணுல பாடகர் பேர். இங்கிலீஷ்ல எழுதுற ஸ்பெல்லிங்கும் மாறும். அதனால சில பாட்டு விட்டுப்போகலாம், சிலதுக்குப் பதிலா கவர் வெர்ஷன் வந்து உட்காரலாம். பாட்டு எண்ணிக்கையை ரெண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்க. விட்டுப்போனதைக் கையால சேர்த்துடலாம்.

செய்ய வேண்டிய வரிசை இதுதான்:

1. பழைய சந்தாவை உடனே நிறுத்தாதீங்க. முதல்ல லிஸ்ட்டை மாத்துங்க.
2. ஒரு வாரம் புது ஆப்புல மட்டும் பாட்டு கேளுங்க.
3. திருப்தியா இருந்தா பழைய சந்தாவையும், யூபிஐ ஆட்டோபேயையும் ரத்து பண்ணுங்க. ஆப்பை டெலிட் பண்ணினா மட்டும் பணம் போறது நிக்காது!
4. டிரான்ஸ்ஃபர் கருவிக்குக் கொடுத்த அனுமதியை ரெண்டு கணக்குலயும் எடுத்துடுங்க.
5. பட்டியலை ஒரு ஃபைலாவும் சேமிச்சு வெச்சுக்கோங்க.

அஞ்சாவதை லேசா எடுத்துக்காதீங்க. கூகுள் பிளே மியூசிக் 2020-ல மூடிட்டாங்க. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோட இந்தியாவுல நின்னுபோச்சு. அதே வருஷம் விங்க் மியூசிக்கையும் மூடப்போறதா ஏர்டெல் அறிவிச்சது. நாம வருஷக்கணக்கா விசுவாசமா இருந்தாலும், கடையை மூடும்போது யாரும் நம்ம அனுமதி கேட்கப்போறதில்ல.

என் கருத்து இதுதான். 2011 ஜனவரியில நாடு முழுக்க எம்என்பி வந்தப்போ, நம்பர் மாறிடுமேங்கற பயம் போய், பிடிக்காத கம்பெனியை விட்டு வெளியே வர முடிஞ்சது. நாம சேர்த்த பட்டியலுக்கும் அந்தச் சுதந்திரம் வேணும். நம்ம டேட்டாவை இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துட்டுப் போற உரிமை ஐரோப்பிய யூனியன்ல 2018-லிருந்தே சட்டத்துல இருக்கு. நம்ம நாட்டுல 2019 மசோதாவுல அது இருந்துச்சு. ஆனா 2023-ல நிறைவேறின டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல இல்ல. பாட்டு லிஸ்ட் சின்ன விஷயம்தான், ஆனா வெளியேறுறது கஷ்டமா இருக்கற இடத்துல விலையை ஏத்துறது அவங்களுக்கு ரொம்ப சுலபம்.

சட்டம் வரும்போது வரட்டும். இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்க ஆட்டோபே லிஸ்ட்டைத் திறந்து பாருங்க. அதுல மியூசிக் ஆப் எத்தனைன்னு கமெண்ட்ல சொல்லுங்க!