நடந்து வாங்கிய வீதி

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் இருபது பேர் கூடி நின்றோம். 'பாரம்பரிய நடை' என்று அதற்குப் பேர். வங்கியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர்தான் இழுத்துப் போனார். "நீங்க கவிதை எழுதுறவரு, உங்களுக்குப் பிடிக்கும்" என்றார். ஆளுக்கொரு தொப்பி, ஒரு தண்ணீர் பாட்டில். கூட்டிக்கொண்டு போன தம்பி நல்ல பையன். படித்தவன், இந்த ஊரை நேசிக்கிறவன். அவனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவன் எதைச் சொன்னான், எதை விட்டான், விட்டது அவனுக்கே ஏன் தெரியவில்லை என்பதுதான் என் பிரச்சினை.

நாங்கள் நிற்பதற்கு முன்னாலேயே தெரு சுத்தமாக இருந்தது. பெருக்கி முடித்த ஓர் அம்மா தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அவரைத் தாண்டி விளக்குத்தூணைக் காட்டினான். கலெக்டர் பிளாக்பர்ன் 1840களில் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரைப் பெரிசாக்கிய கதை. மதிலை உடைத்து இடத்தைச் சுத்தம் பண்ணுகிறவர்களுக்கு அந்த நிலமே கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டதாம். சர்வேயர் மாரட் பேரிலும் மேஸ்திரி பெருமாள் பேரிலும் இன்றைக்கும் தெரு இருக்கிறது. சரி. மண் சுமந்து அகழியை மூடிய கைகள் யாருடையவை? அவர்கள் பேரில் ஒரு முடுக்குகூட இல்லையே?

பிறகு வீதிகளுக்கு வந்தான். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரங்கள். "தாமரைப் பூ மாதிரி இருக்கு பாருங்க" என்றான். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். எனக்கு ஒரு கேள்விதான் தோன்றியது. இந்தத் தாமரையில் சேரி எந்த இதழ்?

சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே 'புறஞ்சேரி இறுத்த காதை' என்று பேர். அந்தப் புறஞ்சேரி அறவோர் இருந்த இடம், நம்ம சேரி இல்லை. ஆனால் மதிலுக்கு உள்ளே ஒரு வாழ்க்கை, வெளியே ஒரு வாழ்க்கை என்கிற கணக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது. பின்னால் வந்த சாதி அந்தக் கணக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சாமி தேர் ஏறி வலம் வருவதற்குத்தான் இந்த வீதிகள். சாமிக்குக் கிட்டே யார் குடியிருக்கலாம், எட்டத்தில் யார் இருக்க வேண்டும் என்று சாதி அளந்து வைத்தது. நாம் கடைசிச் சதுரத்துக்கும் வெளியே இருந்தோம்.

எங்கய்யா கீழமாசி வீதியில் பலசரக்கு மூட்டை தூக்கியவர். மேலூர்ப் பக்கத்திலிருந்து பதினாறு வயசில் வந்தார். முப்பது வருசம் அந்த வீதியில் நடந்தார். முதுகில் நூறு கிலோ இருந்தால் யாரும் சாதி கேட்க மாட்டான் என்பார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கை வீசி நடந்தால்தான், "யாருடா நீ, எந்த ஊரு?" என்று கேட்பானாம். சுமையோடு இருக்கும்போது வீதி திறக்கும், சும்மா நடந்தால் மூடிக்கொள்ளும். நாங்கள் அன்றைக்குச் சும்மாதான் நடந்தோம், தொப்பி போட்டுக்கொண்டு.

மேலமாசி வீதியில் 1921இல் காந்தி அரையாடைக்கு மாறிய வீட்டின் முன்னால் பத்து நிமிசம் நிறுத்தினான். கோபுரம் தெரிகிற இடத்துக்கு வந்ததும் ஒரே ஒரு வாக்கியம்: "1939இல் வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களை இந்தக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்." அவ்வளவுதான். அடுத்தது கோபுரத்தின் உயரம்.

நான் கேட்டேன். "தம்பி, அழைச்சிட்டுப் போனவர் பேரைச் சொன்னீங்க. போனவங்க பேரு?"

அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் சங்கடப்பட்டான். "சார், அது கொஞ்சம் அரசியலாப் போயிரும். நாம பாரம்பரியத்தை மட்டும் பார்ப்போம்" என்றான். நண்பர் என் கையைப் பிடித்தார். நான் விட்டுவிட்டேன். அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன்.

1939 ஜூலை 8. கக்கன், முத்து, சின்னையா, முருகானந்தம், பூவலிங்கம். கூடவே, அன்றைக்கு அதே கோயிலில் தடுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்திலிருந்து சண்முக நாடார். இந்த ஆறு பேரும் உள்ளே நடந்தார்கள். வைத்தியநாதய்யர் கூடப் போனார், நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். அதை மறைக்க வேண்டியதில்லை. கோயில் தீட்டாகிவிட்டது என்று பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்தார்கள். நுழைந்தவர்களையும் அதிகாரிகளையும் வழக்கிலிருந்து காப்பாற்ற ராஜாஜி அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். முதலில் கால் போனது, பின்னால் சட்டம் வந்தது. அந்தக் கால்களுக்குப் பேர் உண்டு. அதில் ஒருவர், தும்பைப்பட்டி கக்கன், பின்னாளில் இந்த மாநிலத்தின் உள்துறை அமைச்சர்.

வங்கிக்காரன் பாசையில் சொன்னால், வரவுப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் பற்றுப் பக்கத்தைக் காலியாக விட்டால் லெட்ஜர் டேலி ஆகாது. கட்டியவன், கொடுத்தவன், அழைத்துப் போனவன் எல்லாம் வரவுப் பக்கத்தில். சுமந்தவன், தடுக்கப்பட்டவன், மீறி நடந்தவன் எந்தப் பக்கத்திலும் இல்லை. இதற்குப் பேர் பாரம்பரியமா, கள்ளக்கணக்கா?

இதைச் சொன்னபோது நம் தோழர் ஒருவர் மடக்கினார். "கோயிலுக்குள்ள போய் நமக்கு என்னய்யா ஆகப்போகுது? அம்பேத்கரே அதை வேணாம்னு விட்டுட்டாரே. 1939 காந்திக்காரங்க விசயம், நமக்கு எதுக்கு?" நியாயமான கேள்வி. நாசிக் காலாராம் கோயில் போராட்டம் 1930இல் தொடங்கியது. வருசக்கணக்கில் அடிபட்டபின், 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார் அம்பேத்கர். எனக்கும் மீனாட்சியிடம் வேண்டுதல் ஒன்றும் இல்லை.

ஆனால் தோழரே, அன்றைக்குக் கேட்டது சாமியை மட்டுமா? 1924இல் வைக்கத்தில் நடந்தது கோயிலுக்குள் போகவே இல்லை, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கான போராட்டம். நடப்பதே நமக்குப் போராட்டமாக இருந்திருக்கிறது. சாமி வேண்டாம் என்று நாம் சொல்வது நம் முடிவு. உள்ளே வராதே என்று அவன் சொன்னது அவன் ஆதிக்கம். இரண்டையும் ஒன்றாக்கி, அந்த ஆறு பேரையும் காந்தி கணக்கில் எழுதிக் கொடுத்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். அவர்கள் பேரை நாமும் சொல்லவில்லை, தம்பியும் சொல்லவில்லை. அவனிடம் மட்டும் எப்படிக் கோபப்படுவது?

பழங்கதை என்றும் தள்ள முடியாது. ஊருக்குள் இருந்த மதிலை வெள்ளைக்கார கலெக்டர் இடித்தான். இதே மதுரை மாவட்டத்தில் உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பிறகு தீண்டாமைச் சுவர் எழும்பியது. 2008 மே 6இல், போராட்டத்துக்குப் பிறகு, அதில் ஒரு பகுதியை உடைத்துப் பாதை விட்டார்கள். அந்தச் சுவரும் மதுரையின் பாரம்பரியம்தானே? எந்த நடையில் அதைக் காட்டுவார்கள்?

அதனால் ஒரு யோசனை. அடுத்த ஜூலை 8 அன்று நாமே ஒரு நடை போவோம். கீழமாசி வீதியில் மூட்டை இறங்குகிற இடத்தில் தொடங்குவோம். வெளி வீதியில் நின்று அகழியை மூடிய கைகளைப் பற்றிப் பேசுவோம். காலையில் பெருக்கிய அம்மாவை அழைத்து, அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், கையுறை கொடுத்தார்களா என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்போம். கோபுரத்துக்கு எதிரே நின்று ஆறு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவோம். அந்தத் தம்பியையும் கூப்பிடுவோம். வருவான் என்றுதான் நினைக்கிறேன்.

மாணவத் தோழர்களுக்கு அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் எந்தத் தெருவில் தாத்தா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தார், எந்த வருசம் முதல்முதலாகக் கழற்றாமல் நடந்தார், அன்றைக்கு என்ன நடந்தது என்று வீட்டில் கேளுங்கள். கிழவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். எங்கய்யாவிடம் நான் பாதிதான் கேட்டேன். மீதியைக் கேட்பதற்குள் போய்விட்டார்.