வடக்கே தலைவைத்தால்…?

"வடக்கே தலைவைத்துப் படுக்காதே!" என்றார் புராணிகர். காரணம்? வடக்கே தலைவைத்துப் படுத்த யானையின் தலைதான் அறுபட்டுப் பிள்ளையாருக்குப் பொருத்தப்பட்டதாம்! மாணவர்கள் இக்கதை கேட்டு நகைக்கத் தொடங்கியதும், பழமை புதுச்சட்டை மாட்டிக்கொண்டு வந்தது. பூமி ஒரு காந்தமாம், குருதியில் இரும்பாம், வடக்கே தலைவைத்தால் அந்த இரும்பு மூளைக்கு ஏறுமாம்! இதை நம்பி, கடன்பட்டுக் கட்டிய வீட்டின் சுவரை இடித்துத் திசைமாற்றுவோர் உண்டு, தோழர்களே!

விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்கிறீர்கள், நன்று. அதன் கணக்கையும் கேளுங்கள்.

பூமி காந்தம் என்பது மெய். 1600-ல் வில்லியம் கில்பர்ட் நூலெழுதி நிறுவிய உண்மை அது. ஆனால் அதன் வலிமை என்ன? நம் செஞ்சியில் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. கருவியிலோ பெரும்பாலும் 1.5 டெஸ்லா, 35,000 மடங்குக்கும் மேல்! அதனுள் அரைமணி நேரம் கிடந்து எழுந்து வருகிறாரே நோயாளி, அவர் குருதி தலைக்கு ஏறிற்றா? குருதியின் இரும்பு, ஆணியின் இரும்பன்று ஐயா!

"சின்னஞ்சிறு காந்தமே ஆணியை இழுக்கும்போது, பென்னம்பெரிய பூமி இழுக்காதா?" என்பர். இங்கேதான் இருக்கிறது சூட்சுமம். சிறு காந்தத்தினின்று சற்று விலகிவிட்டால், அதன்பின் தொலைவு இருமடங்கானால் வலிமை எட்டில் ஒன்று. பத்துமடங்கானால் ஆயிரத்தில் ஒன்று. அதே காந்தத்தை எல்லாப் பக்கமும் பத்துமடங்கு பெரிதாகச் செய்தாலோ, முன்பிருந்த அதே வலிமை பத்துமடங்கு தொலைவில் கிட்டும். வலிமை பெருகுவதில்லை, வீச்சுதான் விரிகிறது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். இராஜகிரியின் உச்சிவரை, ஏறத்தாழ 800 அடி, ஏறினாலும், அந்த உயரத்தால் பூமியின் காந்தம் குறைவது பத்தாயிரத்தில் ஒரு பங்கே. (மூச்சு வாங்குவதுதான் மிச்சம்!) அவ்வாறிருக்க, ஆறடிக் கட்டிலின் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் என்ன வேறுபாடு இருந்துவிடும்?

ஒருபுறம் மிகுந்து மறுபுறம் குறைந்தால்தான் காந்தம் இரும்பைத் தன்பால் இழுக்கும். எங்கும் ஒரே அளவாயின் ஊசியைத் திருப்பும், இழுக்காது. இங்கிலாந்தில் திசைகாட்டி செய்துவந்த ராபர்ட் நார்மன் 1581-லேயே இதை எழுதிவைத்தார். காந்தமேற்றிய ஊசியைத் தக்கையில் செருகி, தக்கையை அளவாகச் சீவி, நீரின் நடுவே மிதந்து நிற்கவிட்டார். ஊசி திரும்பியது, வடக்கு நோக்கி நகரவில்லை.

திசை பார்த்துச் சொல்லக் கூலி கேட்டு வருபவரிடம் ஒரு கிண்ணம் நீர், ஒரு தக்கை, ஓர் ஊசி கொடுங்கள். ஊசி நீந்தி வடகரை சேரட்டும்; நாமே கட்டிலைத் திருப்பிப் போடுகிறோம்!