பின்னணிக் குரலுக்குச் சொந்தக்காரர்

மாசிவ் அட்டாக் குழு 1991 பிப்ரவரியில் வெளியிட்ட ‘அன்ஃபினிஷ்ட் சிம்பதி’ பாட்டைப் பற்றி இந்த இதழில் ஒரு கட்டுரை வருகிறது. செகந்திராபாத் பக்கத்து அல்வாலிலிருந்து வரும் தமிழ்ச் சிற்றிதழுக்கு பிரிஸ்டல் நகரத்துப் பாட்டு எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ட்ரிப் ஹாப் என்று பின்னாளில் பெயர் பெற்ற இசைக்கு இந்தப் பாட்டுத்தான் தலைவாசல். வளைகுடாப் போர் நடந்த நேரம் என்பதால் ‘அட்டாக்’கை வெட்டிவிட்டு, ‘மாசிவ்’ என்ற பெயரில்தான் அப்போது வெளியிட்டார்கள். தாளம் விரைகிறது, கூடவே மணியோசை. ஷாரா நெல்சனின் குரல் மட்டும் அவசரப்படுவதில்லை. மனசு முழுக்க ஏக்கம்; ஆனால் அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. வில் மலோன் அமைத்த வயலின்கள் அந்தக் குரலுக்கு அடியிலிருந்து எழும்பும்போது, சொல்லாமல் விட்டதெல்லாம் அங்கே கேட்கிறது. துக்கத்தை இப்படி நிமிர்ந்து நின்று பாடிய பாட்டுகள் குறைவு.

முதலில் சின்தசைசரில்தான் அந்த வயலின் ஒலியைப் போட்டுப் பார்த்தார்கள். போதவில்லை. ஆபி ரோடு ஸ்டூடியோவில் கலைஞர்களை உட்கார வைத்து வாசிக்கச் செய்தார்கள். அதற்குக் காசில்லாமல் காரை விற்றார்கள். ஆனால் பாட்டின் பின்னணியில் திரும்பத் திரும்ப வரும் அந்த ஆண் குரலுக்கு அனுமதி வாங்கவில்லை. அது ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா 1976இல் வெளியிட்ட ‘பிளானெட்டரி சிட்டிசன்’ பாட்டிலிருந்து எடுத்த துண்டு. (சிலப்பதிகார இசையை ஆராய்ந்த டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர், விக்கு விநாயக்ராமோடு ‘சக்தி’ குழுவில் வாசித்தவர், அதே மெக்லாஃப்லின்தான்.) ‘பிளானெட்டரி சிட்டிசன்’ பாட்டை எழுதிய பேஸ் கிட்டார் கலைஞர் ரால்ஃப் ஆம்ஸ்ட்ராங் வழக்குப் போட்டார். கோர்ட்டுக்கு வெளியே பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று.

கட்டுரையைப் போடக் காரணம் இதுதான். காரை விற்று வயலின் கலைஞர்களுக்குக் கூலி கொடுத்த அதே கைகள்தான் இன்னொரு கலைஞனின் துண்டைக் கேட்காமல் எடுத்தன. இதனால் பாட்டின் அழகு குறையவில்லை. அழகாக இருப்பதால் ஆம்ஸ்ட்ராங்கின் பங்கும் இல்லாமல் போய்விடாது.

நம் பக்கம் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் குறைவு. ‘தளபதி’யும் ‘குணா’வும் இளையராஜா இசையில் 1991 தீபாவளிக்கு வந்த படங்கள். 2007இல் பாடகி எம்.ஐ.ஏ. தன் ‘காலா’ ஆல்பத்தில் ‘தளபதி’ பாட்டின் துண்டை வைத்தபோது, நம் ராஜா உலகத்துக்கே போய்விட்டார் என்று மகிழ்ந்தோம். நம் இசையமைப்பாளர் ஒருவர் வெளியிலிருந்து எடுத்தால் மட்டும் ‘காப்பி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படத்தில் ‘குணா’ பாட்டு வந்ததற்கு இளையராஜா நோட்டீஸ் அனுப்பியதும், பணத்தாசை என்று வாட்ஸ்அப்பில் ஏசினோம். உரிய இடத்தில் அனுமதி வாங்கியதாகத் தயாரிப்புத் தரப்பு சொன்னது. சட்டத்தைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். என் பாட்டு, என்னைக் கேள் என்று சொல்வதில் என்ன கேவலம்? ஆம்ஸ்ட்ராங் கேட்டதும் அதுதானே?

பாட்டு கை மாறிப் போவது அல்வாலில் இருப்பவர்களுக்கு இன்னும் பழகிய விஷயமாக இருக்க வேண்டும். லோத்குண்டாவில் ஷேர் ஆட்டோ ஓட்டுநர் போடும் ‘தளபதி’ பாட்டு அவருக்குத் தெலுங்குப் பாட்டு. அந்த மெட்டோடு வளர்ந்தவர் அவர். அவரிடம் போய் இது தமிழ், எங்களுடையது என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. மெட்டு எல்லோர் வாயிலும் புழங்கட்டும். செய்தவர் பெயரும் கூடவே போகட்டும். அதிலும் இசையமைப்பாளர் பெயரோடு நிறுத்திவிடுகிறோம். ராஜாவின் குழுவில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன், புல்லாங்குழல் வாசித்த நெப்போலியன், கீபோர்டு வாசித்த விஜி மேனுவல் இவர்களின் பெயர் எத்தனை கேசட் உறையில் இருந்தது?

அடுத்த இதழிலிருந்து இங்கே எழுதப்படும் ஒவ்வொரு பாட்டுக்கும் வாசித்தவர்கள், குரல் சேர்த்தவர்கள் பெயரையும் அச்சிடப் போகிறோம். மெட்ராஸ் ரெக்கார்டிங் தியேட்டர்களில் வாசித்தவர்களோ அவர்கள் குடும்பத்தாரோ செகந்திராபாத் பக்கம் இருந்தால், எந்தப் பாட்டு, என்ன வாத்தியம் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.