கண்காணிப்பு அறைக்குத் திரைகள் மட்டும் போதாது

ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசிப் பாதுகாப்பு பற்றிய செய்திகளில் எத்தனை போலீசார், எத்தனை கண்காணிப்பு கேமராக்கள் என்ற கணக்கு தவறாமல் இடம்பெறும். அந்தக் கேமராப் படங்கள் வந்து சேரும் திரைகளை எந்த மென்பொருளைக் கொண்டு ஒழுங்குபடுத்துகிறார்கள் என்ற கேள்வி எழுவதே அரிது. உண்மையில் கேமரா எண்ணிக்கையைவிட அதுதான் முக்கியம். திரைக்கு 16 கட்டங்கள் வீதம் நான்கு திரைகளை மாட்டினால் ஒருவர் முன்னே 64 படங்கள் ஓடும். ஒவ்வொன்றிலும் ஆட்கள் கடுகளவுதான் தெரிவார்கள். 20 நிமிடம் திரையைப் பார்த்தாலே பெரும்பாலோரின் கவனம் போதிய அளவுக்குக் கீழே இறங்கிவிடும் என்று, அமெரிக்க நீதித் துறையின் ஆய்வுப் பிரிவு 1999இல் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டி எச்சரித்தது.

பல திரைகளை ஒருங்கிணைக்கும் மென்பொருள்கள் இதற்காகவே இருக்கின்றன. உற்சவர் நம்பெருமாள் பரமபத வாசலைக் கடக்கும் அதிகாலை நேரத்துக்கு ஒரு காட்சி வரிசை, ஆயிரங்கால் மண்டபத்துக்கு எழுந்தருளியபின் இன்னொன்று என முன்கூட்டியே சேமித்துவைத்து, ஒரே சொடுக்கில் மாற்றலாம். கோயில் வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் அந்த இடத்துப் படம் பெரிய திரைக்கு வரும். கூட்டம் இறுகும் இடத்தின் படம் தானாகவே முன்னுக்கு வரும்படியும் அமைக்கலாம். 156 ஏக்கரில் ஏழு பிராகாரங்களாக விரிந்த கோயிலில், ‘கேமரா 37’ எந்த வாசலருகே இருக்கிறது என்று தேடும் அந்த அரை நிமிடம் சிறிதல்ல.

இடமறிந்த காவலரின் கண்ணுக்கு எந்த மென்பொருளும் ஈடாகாது என்பார்கள். சரிதான், ஆனால் பந்தோபஸ்துக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் காவலர்கள் வருகிறார்களே, அவர்களுக்கு வரைபடம்தான் வழிகாட்டி. செலவும் பெரிய தடையல்ல. ஸோன்மைண்டர் போன்ற கட்டணமில்லாத கண்காணிப்பு மென்பொருள்களே உண்டு. பிரயாக்ராஜ் கும்பமேளாவில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் இருந்தும் 2025 ஜனவரி 29 நெரிசலில் அரசுக் கணக்குப்படியே 30 பேர் இறந்தார்களே என்பதுதான் கனமான ஆட்சேபம். அந்தத் துயரம் சொல்வது இதுதான்: திரையில் தெரியும் எச்சரிக்கை, வரிசையை நிறுத்தும் உத்தரவாக உடனே மாற வேண்டும். அறநிலையத் துறையும் மாநகரக் காவல் துறையும் ஏகாதசிக்கு முந்தைய பகல்பத்து விழா தொடங்குமுன் இந்தக் காட்சி வரிசைகளை வைத்து ஒரு முழு ஒத்திகை நடத்த வேண்டும். திரைமுன் அமரும் அதிகாரிக்கு, மேலிடத்தைக் கேட்டுக் காத்திராமல் வாசலில் கூட்டத்தை நிறுத்திவைக்கும் அதிகாரத்தையும் எழுத்துமூலம் தர வேண்டும்.