தாலி போதாது, தாள் வேண்டும்!

கோல சிலாங்கூர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்து வெளியே வந்தபோது, எதிரே ஒட்டுக்கடையில் காத்திருந்தார் அந்த அண்ணன். புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைக் குலை லோரி ஓட்டுபவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் திருமணப் புகைப்படங்கள், மனைவியின் இந்தியக் கடப்பிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், ஒரு ரசீது.

"சார், ரெண்டு வருஷமா பதில் இல்ல. கொஞ்சம் பாருங்க" என்றார்.

2014-இல் நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்துக் கோயிலில் தாலி கட்டியிருக்கிறார். மனைவி அங்கேயே தாய் வீட்டில் இருக்கிறார். வருகையாளர் அனுமதியில் மூன்று முறை இங்கே வந்து போயிருக்கிறார். மகள் அங்கேயே பிறந்தாள், அங்கேயே படிக்கிறாள். இடையில் ஒரு ஏஜென்ட் வந்து, "உங்க சம்சாரம் இங்க வரவே வேண்டாம். இந்தியாவுல இருக்கும்போதே குடியுரிமைக்கு மனு போட்டுடலாம்" என்று சொல்லி 6,000 வெள்ளி வாங்கியிருக்கிறார். அந்தப் பணத்துக்குச் சாட்சியாக இருப்பது பையில் கிடந்த அந்த ரசீது ஒன்றுதான். அதிலும் எதற்காக வாங்கிய பணம் என்று எழுதவில்லை!

இந்த அண்ணன் ஒருவரோடு முடிகிற கதை அல்ல இது. ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரைக்கும் இதே பிளாஸ்டிக் பையோடு பலர் வருகிறார்கள். அதனால்தான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இருந்தபடியே மனைவிக்குக் குடியுரிமை கிடைக்குமா?

கிடைக்காது. இது எந்த அதிகாரியின் மனநிலையையும் பொறுத்த விஷயம் அல்ல. கூட்டரசு அரசியல் சட்டத்தின் 15(1)-ஆவது விதியிலேயே இருக்கிறது. குடிமகனின் மனைவி, மனு செய்வதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் முழுக்க இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். இங்கேயே நிரந்தரமாக வாழும் எண்ணம் வேண்டும். நன்னடத்தை வேண்டும். 1962 அக்டோபர் தொடக்கத்திலேயே குடிமகனின் மனைவியாக இருந்தவர்களுக்கு மட்டும்தான் இந்த நிபந்தனைகள் இல்லை. மற்ற எல்லோருக்கும் உண்டு.

ஆகவே நாமக்கல்லில் இருக்கும் மனைவிக்கு இங்கே குடியுரிமை மனு போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்டால், அவர் சட்டம் தெரியாதவராக இருக்க வேண்டும் அல்லது உங்களை ஏமாற்றுகிறவராக இருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் பணம் கொடுக்காதீர்கள்.

நடைமுறை இன்னும் நீளமானது. முதலில் மனைவியை முறையாக அழைத்து வந்து நீண்டகால வருகை அனுமதி எடுக்க வேண்டும். அதைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். பல ஆண்டுகளுக்குப் பிறகு நிரந்தரவாசத் தகுதி, அதற்கப்புறம்தான் குடியுரிமை. இடையில் கணவன் இறந்துவிட்டால், பிரிந்துவிட்டால், புதுப்பிக்கும் தேதி தவறிவிட்டால் எல்லாமே ஆட்டம் காணும். தினக்கூலிக் குடும்பம் ஒன்று ஒவ்வொரு முறையும் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். 15(1)-ஆவது விதி "அரசாங்கம் விரும்பினால் கொடுக்கலாம்" என்று சொல்லவில்லை. நிபந்தனைகளை நிறைவு செய்த மனைவிக்கு உரிமை உண்டு என்றே சொல்கிறது. சட்டம் உரிமை என்று சொல்வதை முகப்பிடத்தில் பிச்சை போலக் கொடுக்கிறார்கள். நாமும் கையைக் கட்டிக்கொண்டு பிச்சை போலவே வாங்கப் பழகிவிட்டோம்.

பதிவு இல்லாத திருமணம்

அண்ணனின் பையில் இல்லாத ஒரு காகிதம்தான் அவருடைய எல்லாச் சிக்கலுக்கும் வேர். அதுதான் திருமணப் பதிவுச் சான்றிதழ்.

1982 மார்ச் 1-ஆம் தேதி முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன்னால் கோயிலில் சடங்குப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு இங்கே நடக்கும் திருமணத்துக்குத் தாலி மட்டும் போதாது. தோட்டத்துக் கோயிலில் ஊரே கூடி வாழ்த்தியிருந்தாலும், பதிவு இல்லை என்றால் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே இல்லை.

வெளிநாட்டில் மணம் முடித்த மலேசியருக்கும் இதே சட்டத்தின் 31-ஆவது பிரிவில் ஒரு கடமை இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகப் பதிவாளரிடம் பதிய வேண்டும். அதற்குள் நாடு திரும்பிவிட்டால், திரும்பிய ஆறு மாதத்துக்குள் இங்கே பதிய வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையிலேயே மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். அண்ணன் இரண்டையும் செய்யவில்லை. "யாரும் சொல்லல சார்" என்றார். உண்மைதான், யாரும் சொல்லவில்லை.

வெளிநாட்டில் அந்நாட்டு முறைப்படி நடந்த திருமணம் இங்கேயும் செல்லும் என்று 104-ஆவது பிரிவை வைத்து வாதாட இடம் உண்டு. ஆனால் அதை வாதாடி நிரூபிக்க வேண்டும். அதோடு, குடியுரிமைக்கான 15-ஆவது விதி மனைவி என்று சொல்லும்போது, கூட்டரசில் நடப்பிலுள்ள சட்டப்படி பதிவான திருமணத்தைத்தான் குறிக்கிறது. பதிவு இல்லாத மனைவிக்கு அந்தக் கதவு திறக்காது.

பிள்ளைக்கு இது இன்னும் கொடுமை. அரசியல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, பெற்றோர் சட்டப்படி மணமுடிக்காத பிள்ளைக்கு அப்பா என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் அம்மா என்று படிக்க வேண்டும். அப்பா நீல அடையாள அட்டை வைத்திருந்தாலும், அம்மா இந்தியப் பிரஜை என்றால் பிள்ளை மலேசியர் ஆவதில்லை. பிலிப்பைன்ஸில் பிறந்த ஒரு குழந்தையின் வழக்கில் 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் இதைத்தான் சொன்னது. அந்தக் குழந்தையின் அப்பா மலேசியர். குழந்தை பிறந்த பிறகு பெற்றோர் திருமணமும் செய்துகொண்டார்கள். ஆனாலும் பிறந்த நேரத்தில் இருந்த நிலைதான் கணக்கு என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

அதாவது பிள்ளை பிறந்த பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் பல நேரம் பிரயோசனம் இல்லை. முதலில் பதிவு, பிறகுதான் மற்றது!

நம் பெண் பிள்ளைகளின் நிலை

இதுவரை சொன்னது மனைவியை அழைத்து வரும் ஆண்களின் கதை. நம் தோட்டத்துப் பெண் ஒருத்தி தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரை மணந்தால் என்ன ஆகும்?

15(1)-ஆவது விதி மனைவிக்கு மட்டும்தான். கணவனுக்கு அப்படி ஒரு விதியே கிடையாது. மலேசியப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆண், 19-ஆவது விதிப்படி எந்தச் சொந்தமும் இல்லாத அந்நியரைப் போலப் பத்து ஆண்டு வசிப்பைக் காட்டி மனுப் போட வேண்டும். அதுவும் அரசாங்கம் விரும்பினால்தான். இன்னொன்று, தற்காலிக வேலை அனுமதியில் வந்தவர்கள் இங்கே திருமணம் செய்யக் கூடாது என்பது அந்த அனுமதியின் நிபந்தனை. மீறினால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கைப்பிள்ளையோடு நம் பெண் லயத்து வாசலில் நிற்பாள்.

அந்தத் தாய்க்கு ஓர் ஆறுதல் உண்டு. தாய் குடிமகளாக இருந்து பிள்ளை இந்த நாட்டிலேயே பிறந்தால் அது மலேசியப் பிள்ளைதான். திருமணம் பதிவானாலும் ஆகாவிட்டாலும் இது பொருந்தும். வெட்கப்பட்டுக்கொண்டு பிறப்பைப் பதியாமல் இருந்துவிடாதீர்கள். 60 நாட்களுக்குள் பதியுங்கள்.

வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மாரின் நிலை வேறு. மலேசியாவில் பிறந்த அப்பாவின் குடியுரிமை பிள்ளைக்குத் தானாகவே வரும். முன்பு அம்மாவின் குடியுரிமை அப்படி வரவில்லை. 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் இது சரியில்லை, அம்மாவுக்கும் அந்த உரிமை உண்டு என்றது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அதை மாற்றியது. பாலினத்தால் பாகுபாடு கூடாது என்று 2001-இல் 8(2)-ஆவது விதியில் சேர்த்த நாடுதான் இது!

வலக்கையால் கொடுத்து இடக்கையால் எடுத்த கதை

2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை குடியுரிமைத் திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அம்மாவும் குடியுரிமை தரலாம் என்பது அதன் நல்ல பகுதி. தாய்மார்கள் பல ஆண்டு போராடிப் பெற்றது அது, மனதாரப் பாராட்டலாம்.

ஆனால் அதே திருத்தத்தில் நாளிதழ்கள் பெரிதாகப் பேசாத பகுதிகளும் இருக்கின்றன. வெளிநாட்டு மனைவிக்கு மலாய்மொழி அறிவு வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ந்தது. முன்பு, திருமணமான இரண்டு ஆண்டுக்குள் மணமுறிவு ஏற்பட்டால் மனைவியின் குடியுரிமையைப் பறிக்கலாம் என்றிருந்தது. இனி, குடியுரிமை பெற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்று கணக்கு. கொஞ்சம் யோசியுங்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியர் அல்ல. இங்கே குடிமகளான பெண்ணை ஒரு வருடத்தில் கணவன் மணவிலக்கு செய்தால், இந்த நாடும் இல்லை, அந்த நாடும் இல்லை. அடிக்கிற கணவனைச் சகித்துக்கொண்டு இரு என்று சட்டமே சொல்வது போல் இருக்கிறது.

மிகப் பெரிய அடி நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு விழுந்தது. அம்மா அல்லது அப்பா நிரந்தரவாசியாக இருந்தால், இங்கே பிறக்கும் பிள்ளை தானாகவே குடிமகன் என்று முன்பு இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். சிவப்பு அடையாள அட்டை யாரிடம் இருக்கிறது? நேற்று வந்தவர்களிடம் மட்டுமா? தோட்டத்து லயத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல், சுதந்திரத்தின்போது மனுப் போடத் தெரியாமல், வாழ்நாள் முழுக்கச் சிவப்பு அட்டையோடு கிடந்த நம் தாத்தா பாட்டிகளிடம் இருக்கிறது. 60 வயதைத் தாண்டிய அப்படிப்பட்ட இந்தியர்களுக்குக் குடியுரிமை கொடுக்கப்போவதாக 2018-இல் அரசாங்கமே அறிவித்தது. பிரச்சனை இருப்பது அதற்குத் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மலேசியாவின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் போடப்பட்டது. பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கத்தில். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரே தமிழ்! தோட்டத்துக்குத் தமிழ்ப் பெயர் வைத்து நூறாண்டு தாண்டிவிட்டது. அந்த மண்ணில் உழைத்தவர்களின் வாரிசு மட்டும் இன்னும் தான் யாரென்று முகப்பிடத்தில் நிரூபித்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது செய்ய வேண்டியது

ஒன்று, உங்கள் திருமணம் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆகவில்லை என்றால், தாமதமானாலும் போய்ப் பதியுங்கள். பல கோயில்களிலேயே துணைப் பதிவாளர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு, வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால் ஒரு வருடத்துக்குள் மலேசியத் தூதரகத்தில் பதியுங்கள்.

மூன்று, பழைய பிள்ளைக்குப் புதிய விதி பொருந்தும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பிறந்த தேதியைச் சொல்லிப் பதிவு இலாகாவில் கேளுங்கள். வயது வரம்பும் 2024 திருத்தத்தில் 21-லிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. 16, 17 வயதுப் பிள்ளை உள்ளவர்கள் நாளை என்று தள்ளிப்போடாதீர்கள்.

நான்கு, மனுவின் நகல், ரசீது, கடிதம் எல்லாவற்றையும் வைத்திருங்கள். ஏஜென்ட்டை விட்டு சட்ட உதவி இலாகாவுக்கோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ போங்கள்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பதும் பெரிதல்ல. கணவனோ மனைவியோ, துணைக்கு ஒரே சட்டம் வேண்டும். மனுவுக்குக் காலவரம்பு வேண்டும். நிராகரித்தால் எழுத்தில் காரணம் வேண்டும். குடியுரிமையைப் பறித்து யாரையும் நாடற்றவராக்கக் கூடாது. நிரந்தரவாசியின் பிள்ளைக்கு இருந்த உரிமை திரும்ப வேண்டும். குடியுரிமை விஷயத்தில் அரசாங்கம் எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று இரண்டாம் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி இருக்கும்வரை, காரணம் சொல்லாத கடிதம் ஒன்றே ஒரு குடும்பத்தின் தலையெழுத்தாகிவிடும்.

அண்ணனின் கதைக்கு வருகிறேன். முதல் வேலையாகத் திருமணத்தைப் பதியும் முயற்சியில் இறங்கியிருக்கிறோம். மகளின் உரிமைக்கு 104-ஆவது பிரிவை வைத்து வாதாடுவோம். வெற்றி நிச்சயம் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. ஏஜென்ட்தான் அப்படிச் சொன்னார்.

புறப்படும்போது அவர் கேட்டார்: "சார், இத எங்க லயத்துல இன்னும் நாலு பேருக்குச் சொல்லட்டுமா?"

சொல்லுங்கள் அண்ணே. எல்லோருக்கும் சொல்லுங்கள்.